3.5 கிகாஹெர்ட்ஸ் சிறு நிலையத்துக்கு 5 வாட் திறன் பெருக்கி: டோஹெர்ட்டி அமைப்பில் எதிர்பார்த்த பயனுறுதிறன் கிடைக்கவில்லை

நெடுவலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கம்பத்தில் பொருத்தப்படும் சிறு 5ஜி நிலையம் ஒன்றுக்கான ரேடியோ பகுதியை வடிவமைத்துவருகிறேன். இரண்டு அனுப்பு வழிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டெனா இணைப்பில் சராசரியாக 5 வாட், அதாவது 37 டிபிஎம் தர வேண்டும். அலைவரிசை, இந்தியாவில் 2022இல் ஏலம் விடப்பட்ட 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்குள் எங்கு வேண்டுமானாலும் அமையலாம். சமிக்ஞை 100 மெகாஹெர்ட்ஸ் அகலமுடையது. ஒரே அலைவரிசையில் அனுப்புவதும் பெறுவதும் மாறிமாறி நடக்கும் டிடிடி முறையில் நான்கில் மூன்று பங்கு நேரம் அனுப்பும். 256 நிலைகள் கொண்ட 256 க்யூஏஎம் பண்பேற்றம் வரை செல்ல வேண்டும். நிலையத்துக்குத் தனி மின் இணைப்பு கிடையாது. ஈதர்நெட் கேபிள் வழியாகவே மின்சாரமும் வருகிறது என்பதால், ஐஇஇஇ 802.3பிடி தரத்தின் நான்காம் வகை சாதன முனையில் உறுதிசெய்யும் 71.3 வாட்டுக்குள் பேஸ்பேண்ட் (டிஜிட்டல் சமிக்ஞைச் செயலாக்கம்) உட்பட எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டும்.

முதலில் ஏபி வகுப்பில் ஒற்றை கேலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரை வைத்துப் பார்த்தேன். 38.5 டிபிஎம் சராசரி வெளியீட்டில் 20 விழுக்காடு பயனுறுதிறன்தான் கிடைத்தது. (வடிகட்டி, ஆண்டெனாவிலிருந்து திரும்பும் அலையைத் தடுக்கும் சர்க்குலேட்டர், இணைப்பி ஆகியவற்றின் இழப்புக்காக 1.5 டெசிபெல் கூடுதலாக வைத்துள்ளேன்.) பின்னர் 25 வாட் டிரான்சிஸ்டர்கள் இரண்டை வைத்து, ஒன்று முதன்மையாகவும் மற்றது உச்சங்களில் மட்டும் துணையாகவும் இயங்கும் சமச்சீர் டோஹெர்ட்டி அமைத்தேன். கணினிப் பாவனையில் 46 விழுக்காடு காட்டிய சுற்று, பலகையில் பட்டையின் நடுவில் 35 விழுக்காடும் 3300 மெகாஹெர்ட்ஸ் ஓரத்தில் 30 விழுக்காடுமே தருகிறது.

நேரியல் தன்மையிலும் குழப்பம் உள்ளது. டிபிடி எனப்படும் டிஜிட்டல் முன்திரிபு (பெருக்கியின் திரிபை ஈடுசெய்யச் சமிக்ஞையை முன்கூட்டியே எதிராகத் திரிப்பது) இல்லாத நிலையில் ஏசிஎல்ஆர், அதாவது அண்டை அலைவரிசைக்குள் கசியும் திறன் சமிக்ஞையைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்ற அளவு, 29 டெசிபெல். டிபிடி இயங்கியபின், இடைவிடாத சோதனைச் சமிக்ஞையில், இடப்புற அண்டை வரிசையில் 47 டெசிபெல் கிடைக்கிறது. வலப்புறத்தில் 42-க்கு மேல் ஏறவே மறுக்கிறது. உண்மையான டிடிடி சட்டகத்தைக் கொடுத்தாலோ, ஒவ்வொரு அனுப்பும் பகுதியின் தொடக்கத்திலும் சில குறியீடுகளுக்கு இவிஎம் (குறியீடு இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகும் அளவு) 7 விழுக்காடு வரை போய், பிறகு 2.6 விழுக்காட்டில் அடங்குகிறது.

சமச்சீர் அமைப்பிலேயே தொடர்வதா, சமமற்ற டோஹெர்ட்டிக்கு மாறுவதா? வலப்புற ஏசிஎல்ஆர் ஏன் ஏறவில்லை? தொடக்கக் குறியீடுகளின் இவிஎம் பிழைக்கு டிபிடி மாதிரியைத்தான் பெரிதாக்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காலலைநீளம் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். உங்கள் வடிவமைப்பில் முடிவெடுக்கும் எண் 71.3 என்பதால், டிரான்சிஸ்டரைப் பற்றிப் பேசும் முன் மின்கணக்கை ஒருமுறை போட்டுவிடுவோம்.

38.5 டிபிஎம் என்பது ஏறத்தாழ 7.1 வாட். இறுதி நிலை 40 விழுக்காட்டில் இயங்கினால் ஒரு வழிக்கு 17.7 வாட் தேவை. டோஹெர்ட்டியின் பெருக்கம் 13 டெசிபெல் என்று வைத்தால், டிரைவர் நிலை 25.5 டிபிஎம் தர வேண்டும். அது 15 விழுக்காட்டில் இயங்கும் எனில் இன்னொரு 2.4 வாட். இரண்டு வழிகளுக்கும் சேர்த்து 40 வாட், அனுப்பும் நேரத்தின் பங்கு 0.75, மின்மாற்றிச் சுற்றின் பயனுறுதிறன் 90 விழுக்காடு என்று பெருக்கி வகுத்தால் சராசரியாக 33.5 வாட் வருகிறது. பேஸ்பேண்டுக்கும் மற்றவற்றுக்கும் 38 வாட்டுக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். அதே கணக்கை உங்கள் 20 விழுக்காட்டு ஏபி வகுப்புக்குப் போட்டால், அதே டிரைவரை வைத்துக்கொண்டாலும் 63 வாட் ஆகிறது. மிஞ்சுவது 8 வாட். அதை வைத்துப் பேஸ்பேண்ட் சில்லை எழுப்பக்கூட முடியாது. அதிலும் அனுப்பும் கணத்தில் மட்டும் இழுக்கப்படும் திறன் 84 வாட் வரை போகும் என்பதால், கேபிள் முனையின் வரம்பைத் தாண்டும் பகுதியைத் தேக்கிகள் சில மில்லிவினாடிகளுக்குச் சுமக்க வேண்டியிருக்கும். ஆகவே டோஹெர்ட்டி இங்கே கட்டாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சமச்சீரா சமமற்றதா என்ற கேள்விக்கு வருகிறேன். பி வகுப்புப் பெருக்கியின் உச்சப் பயனுறுதிறன் கோட்பாட்டளவில் 78.5 விழுக்காடு, வெளியீட்டு மின்னழுத்தம் குறையக் குறைய அதுவும் அதே விகிதத்தில் குறைவதால், உச்சத்திலிருந்து 8 டெசிபெல் கீழே 31 விழுக்காடுதான் மிஞ்சும். உச்சக் குறைப்பு, அதாவது சமிக்ஞையின் உச்சங்களை வெட்டித் தாழ்த்துவது, செய்த பின்னும் உங்கள் சமிக்ஞையின் உச்சம் சராசரியைவிட ஏறத்தாழ 8 டெசிபெல் உயர்ந்திருக்கும் என்பதால், பெருக்கி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த 31 விழுக்காட்டுப் பகுதியில்தான் கழிக்கிறது. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய வில்லியம் டோஹெர்ட்டி 1936இல் வெளியிட்ட தீர்வு இதே சிக்கலுக்கானதுதான். அன்று அவர் முன்னிருந்தவை வெற்றிடக் குழாய்களும் ஏஎம் வானொலியும். குறைந்த திறனில் முதன்மைப் பெருக்கி மட்டும் இயங்கும். கால் அலைநீளக் கம்பியின் உதவியால் அது வழக்கத்தைவிட உயர்ந்த இம்பீடன்ஸை (மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பை) பார்ப்பதால், பாதி மின்னோட்டத்திலேயே மின்னழுத்த உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் துணைப் பெருக்கி விழித்துக்கொண்டு, சந்திப்பில் மின்னோட்டத்தைச் செலுத்தி, முதன்மைப் பெருக்கி பார்க்கும் இம்பீடன்ஸை 100 ஓமிலிருந்து 50 ஓமுக்கு மெல்ல இறக்கும்.

இரண்டும் சம அளவாக இருக்கும்போது பயனுறுதிறனின் முதல் முகடு உச்சத்துக்கு 6 டெசிபெல் கீழே அமையும். உங்கள் இரு டிரான்சிஸ்டர்களும் சேர்ந்த தெவிட்டு நிலை 50 வாட், அதாவது 47 டிபிஎம், சராசரி 38.5, இடைவெளி 8.5 டெசிபெல். ஆகவே உங்கள் சராசரி, முகட்டிலிருந்து 2.5 டெசிபெல் சரிவில் நிற்கிறது. துணைப் பெருக்கி முதன்மையைப்போல ஒன்றரை மடங்கு மின்னோட்டம் தருமாறு அமைத்தால், முகடு 2.5-இன் மடக்கைப்படி 7.96 டெசிபெல்லுக்கு நகரும். 8 டெசிபெல் சமிக்ஞைக்கு இதைவிடப் பொருத்தமான விகிதம் இல்லை. இரண்டு மடங்கு என்றால் 9.5 டெசிபெல் ஆகும், ஆனால் இரண்டு முகடுகளுக்கும் நடுவிலுள்ள பள்ளம் ஆழமாகும், முதன்மைப் பெருக்கியின் இம்பீடன்ஸ் மூன்று மடங்கு மாற வேண்டியிருப்பதால் பட்டை அகலமும் சுருங்கும். 370 மெகாஹெர்ட்ஸ் என்பது மைய அலைவரிசையில் 10 விழுக்காட்டுக்கு மேல். அந்த அகலத்தை விட்டுக்கொடுக்க உங்களுக்கு விருப்பம் இருக்காது.

ஆனால் இந்த மாற்றத்தில் உடனே இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பாவனைக்கும் பலகைக்கும் நடுவே 11 விழுக்காடு காணாமல் போயிருப்பதன் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதிய அமைப்புக்குப் போனால், அதே பிழை உங்களோடு கூடவே வரும். நான் முதலில் சந்தேகப்படுவது துணைப் பெருக்கியின் ஆஃப்செட் கம்பியை. துணைப் பெருக்கி அணைந்திருக்கும்போது சந்திப்பிலிருந்து பார்த்தால் அது திறந்த சுற்றாகத் தெரிய வேண்டும். டிரான்சிஸ்டரின் வெளியீட்டுக் கொள்ளளவையும் பொதியின் தூண்டலையும் ஈடுசெய்து அந்த இம்பீடன்ஸைச் சுழற்றிக் கொண்டுவருவதே அந்தக் கம்பியின் வேலை. சில மில்லிமீட்டர் பிசகினால் முதன்மைப் பெருக்கியின் திறனில் ஒரு பகுதி, உறங்கிக்கொண்டிருக்கும் துணைப் பெருக்கிக்குள் கசிந்து வெப்பமாகும். ஆர்ஓ4350பி போன்ற பலகையில் 3.5 கிகாஹெர்ட்ஸில் கால் அலைநீளமே 13 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மில்லிமீட்டர் என்பது 7 பாகை. டிரான்சிஸ்டர் தாவலில் ஈயப்பற்று எங்கே தொடங்குகிறது என்பதுகூட இதில் கணக்கில் வரும். சந்திப்பை வெட்டி, துணைப் பக்கத்தை மட்டும் நெட்வொர்க் அனலைசரில் வைத்து, கேட்டுக்கு (டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்தும் முனைக்கு) இயங்குநிலை மின்னழுத்தத்தையே கொடுத்து அளந்து பாருங்கள்.

அதன்பின் இரு கிளைகளின் கட்டத்தைச் சரிபாருங்கள். இரு வழிச் சமிக்ஞை இயற்றி இருந்தால் உள்ளீட்டுப் பிரிப்பானை விலக்கிவிட்டு, துணைக் கிளையின் கட்டத்தை 10 பாகை வீதம் நகர்த்திப் பயனுறுதிறன் எங்கே உச்சம் பெறுகிறது என்று பார்க்கலாம். துணைப் பெருக்கியின் கேட் பயஸையும் (கேட்டில் வைக்கும் நிலை மின்னழுத்தத்தையும்) சேர்த்துத் துழாவ வேண்டும்: அது மேலோட்டமாக இருந்தால் துணைப் பெருக்கி முன்னதாகவே விழித்து மின்சாரத்தை வீணாக்கும், ஏசிஎல்ஆர் மட்டும் அழகாகத் தெரியும், மிக ஆழமாக இருந்தால் முதன்மைப் பெருக்கி துணையில்லாமல் வெட்டுப்பட்டு, பெருக்கத்தில் ஒரு மடிப்பு விழும்.

சிலிக்கன்மேடு எழுதியது:

பயனுறுதிறன் குறித்து மேலே சொல்லப்பட்டதை வழிமொழிகிறேன். நான் முன்திரிபுப் பக்கத்திலிருந்து இரண்டு செய்திகளைச் சொல்கிறேன். இரண்டுக்குமே டிபிடி மாதிரியைப் பெரிதாக்குவது தீர்வல்ல என்பது என் கணிப்பு.

இடப்புறம் 47, வலப்புறம் 42 என்ற ஏற்றத்தாழ்வு, ட்ரெயின் பயஸ் வலையமைப்பைத்தான், அதாவது டிரான்சிஸ்டரின் வெளியீட்டு முனைக்கு மின்சாரம் ஊட்டும் பகுதியைத்தான் சுட்டுகிறது. 100 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சமிக்ஞையின் உறை, அதாவது அதன் வீச்சின் ஏற்ற இறக்கம், ட்ரெயின் மின்னோட்டத்திலும் 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேலான கூறுகளை உண்டாக்குகிறது. அந்தக் கூறுகளுக்கு மின்வழங்கிப் பக்கம் குறுஞ்சுற்றாகத் தெரிய வேண்டும். கால் அலைநீள ஊட்டுக் கம்பியின் தூண்டலும், டிரான்சிஸ்டரின் கொள்ளளவும், தேக்கிகளும் சேர்ந்து அந்த எல்லைக்குள் எங்காவது ஒத்ததிர்ந்தால், ட்ரெயின் மின்னழுத்தம் சமிக்ஞையோடு சேர்ந்து ஆடி, மேற்பக்கத் திரிபும் கீழ்ப்பக்கத் திரிபும் வெவ்வேறாகிவிடும். இரண்டு அலைகளைக் கொடுத்து, அவற்றின் இடைவெளியை 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து 300 மெகாஹெர்ட்ஸ் வரை அகலப்படுத்திக்கொண்டே போய், இருபக்க மூன்றாம் வரிசைத் திரிபுகளையும் வரைந்து பாருங்கள். அவை எங்கே பிரிகின்றனவோ அதுவே உங்கள் வீடியோ பட்டை அகலத்தின், அதாவது பயஸ் வலையமைப்பு தாங்கும் உறை அகலத்தின், எல்லை. ஊட்டுக் கம்பியை ட்ரெயினின் இருபுறமும் இரட்டையாக வைத்து, முதல் தேக்கியை அதன் முனைக்கு மிக அருகில், பல வழித்துளைகளோடு தரைக்கு இணைத்தால் ஒத்ததிர்வு மேலே நகரும்.

அளக்கும் முன் இன்னொன்றையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: டிபிடி-யின் பின்னூட்டப் பாதை போதிய அகலமுடையதா? ஐந்தாம் வரிசைத் திரிபு வரை பார்க்க வேண்டுமானால் 500 மெகாஹெர்ட்ஸ் தேவை. மூன்றாம் வரிசையோடு நிறுத்தினால் 300. பின்னூட்ட வடிகட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் இதே ஏற்றத்தாழ்வு தோன்றும். அப்போது குற்றம் பெருக்கியின்மேல் அல்ல. அதைப் பார்க்கும் கண்மேல்.

தொடக்கக் குறியீடுகளின் இவிஎம் பற்றி: கேலியம் நைட்ரைடில் எலக்ட்ரான்கள் படிக அடுக்குகளில் சிக்கிக்கொள்ளும் ட்ராப்பிங் விளைவு எல்லோரும் அறிந்தது. ட்ரெயின் மின்னழுத்தம் உச்சங்களில் உயரும்போது சிக்கும் எலக்ட்ரான்கள் உடனே விடுபடுவதில்லை; விடுபடும் நேரம் மைக்ரோவினாடியிலிருந்து பல மில்லிவினாடி வரை பரவியிருக்கும். அதற்குள் ஓய்வு மின்னோட்டம் தாழ்ந்து, பெருக்கமும் மாறும். எனவே ஓய்வெடுத்துவிட்டு எழும் டிரான்சிஸ்டரும் இயங்கிக்கொண்டே இருக்கும் டிரான்சிஸ்டரும் ஒன்றல்ல. 2006இல் மோர்கனும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த பொது நினைவுப் பல்லுறுப்பு மாதிரியைத்தான் நீங்கள் பயன்படுத்துகிறீர்கள் என்று கருதுகிறேன். அது சில பத்து நானோவினாடி நினைவைப் பிடிக்கும், மில்லிவினாடி நினைவைப் பிடிக்காது. அதில் எத்தனை குணகங்களைச் சேர்த்தாலும் பயன் குறைவே.

ஆனாலும் ட்ராப்பிங்கைக் குறைகூறும் முன் ஓர் எளிய பொருளைப் பாருங்கள். டிடிடி-யில் கேட் பயஸை அணைத்து எழுப்புகிறீர்கள் அல்லவா? கேட் பாதையில் எவ்வளவு மின்தடை, எவ்வளவு தேக்கி வைத்திருக்கிறீர்கள்? 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒரு குறியீட்டின் நீளம் ஏறத்தாழ 36 மைக்ரோவினாடி. கைப்பேசி வலையமைப்புகளுக்கான 3ஜிபிபி தரமோ அணைந்த நிலையிலிருந்து எழுவதற்கு 10 மைக்ரோவினாடிதான் தருகிறது. மின்வழங்கிக்கு வைப்பதுபோல 1 மைக்ரோஃபாரடைக் கேட்டிலும் வைத்துவிட்டால், பயஸ் நிலைபெறவே பல குறியீடுகள் கடந்துவிடும். அலைநோக்கியை நேரடியாகக் கேட் ஊட்டுப் புள்ளியில் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். அங்கே கை வைக்கும்போது ஒன்றை மறவாதீர்கள்: இவை கேட்டில் எதிர்மின்னழுத்தம் இருந்தால்தான் அணைந்திருக்கும் வகை. ட்ரெயினில் 48 வோல்ட் இருக்கும்போது கேட் இணைப்பு நழுவினால் டிரான்சிஸ்டர் போய்விடும். நான் அப்படி இழந்தவற்றின் எண்ணிக்கையை இங்கே எழுத விரும்பவில்லை.

மறுபக்கம் எழுதியது:

சற்று மாறுபட்ட கருத்தைச் சொல்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லோரும் 45 டெசிபெல் ஏசிஎல்ஆரைத் துரத்துகிறோம், ஆனால் உங்கள் நிலையத்துக்கு அந்த எண் உண்மையில் பொருந்துகிறதா என்று பார்த்தீர்களா?

3ஜிபிபி தரத்தில் 45 டெசிபெல் என்ற விகித வரம்போடு, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு இவ்வளவு என்ற அறுதி வரம்பும் உண்டு. இரண்டில் எது தளர்வானதோ அதை எட்டினால் போதும். நடுத்தர எல்லை நிலையங்களுக்கு, அதாவது 38 டிபிஎம் வரையிலானவற்றுக்கு, அந்த அறுதி வரம்பு ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு −25 டிபிஎம். உங்கள் 37 டிபிஎம், 100 மெகாஹெர்ட்ஸில் பரவும்போது ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 17 டிபிஎம். ஆகவே 42 டெசிபெல் இருந்தாலே விதி நிறைவேறுகிறது. வலப்புறத்தில் நீங்கள் காணும் 42 விளிம்பில் நிற்கிறது. வெப்பநிலை மாற்றத்துக்கு இடமில்லை என்பதால் அதை அப்படியே விடச் சொல்லவில்லை. ஆனால் இலக்கு 48 அல்ல, 44 அல்லது 45 என்று தெரிந்தால் டிபிடி மாதிரியின் அளவும், அது தின்னும் மின்சாரமும் குறையும். 20 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞையை அனுப்பும் நாளில் இந்தச் சலுகை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அடர்த்தி 24 டிபிஎம் ஆகிவிடுவதால் அங்கே 45 டெசிபெல்லே வரம்பு. நல்லவேளையாக, குறுகிய சமிக்ஞையைத் திருத்துவது டிபிடி-க்கு எளிது. இயங்குபட்டையின் தேவையற்ற உமிழ்வு வரம்பைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

கட்டடத்துக்குள் வைக்கும் 24 டிபிஎம் நிலையத்தில் கதையே வேறு. அங்கே அறுதி வரம்பு −32. 100 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞைக்கு 36 டெசிபெல் போதும். கால் வாட் வெளியீட்டுக்கு டோஹெர்ட்டியும், பின்னூட்டப் பாதையும், அதிவேக ஏடிசி-யும் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வெளியீட்டுப் பெருக்கி 12 விழுக்காட்டில் இயங்கினாலும் ஒரு வழிக்கு 2 வாட்தான் செலவு. அதை 30 விழுக்காடாக உயர்த்தி மிச்சப்படுத்தும் ஒன்றேகால் வாட்டை, டிபிடி தன் கணக்கீட்டுக்கே வாங்கிக்கொள்ளும். அங்கே 5 வோல்ட்டில் இயங்கும் கேலியம் ஆர்சனைடு ஹெச்பிடி பெருக்கியைத் தாராளமான பேக்-ஆஃபில் (உச்சத் திறனுக்கு வெகு கீழே) வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பதே மேல். 5 வாட் நிலையத்தில் மிச்சமாவது 30 வாட். ஆகவே டிபிடி தன் கூலியைத் திருப்பித் தந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, ஒரு வாட் அளவில், முடிவு எளிதல்ல.

வேறு வழிகளைத் தேட நினைத்தாலும் இந்த அகலத்தில் அவை கைகொடுப்பதில்லை. உறையைப் பின்தொடர்ந்து மின்வழங்கியை மாற்றும் முறை கைப்பேசியில் நன்றாக வேலைசெய்கிறது. 100 மெகாஹெர்ட்ஸ் உறையை விரட்டும் மின்வழங்கி, மிச்சப்படுத்துவதைத் தானே செலவழித்துவிடும். ஹரால்டு பிளாக் 1920களில் கண்ட முன்னூட்டல் முறை அகலத்துக்கு அஞ்சாது, ஆனால் பிழைப் பெருக்கி ஒன்றை முழுநேரமும் நேரியலாக எரியவிட வேண்டும். 71 வாட் நிலையத்தில் அதற்கு இடமில்லை.

இவிஎம் பற்றியும் ஒரு வார்த்தை. 256 க்யூஏஎம்-க்கான வரம்பு 3.5 விழுக்காடு, அது முழு அனுப்பிக்கும் சேர்த்து. உச்சக் குறைப்புக்கு 2.5, பெருக்கியின் மீதத்திரிபுக்கு 1.5, அலையியற்றியின் கட்ட இரைச்சலுக்கு 1 என்று ஒதுக்கினால் வர்க்கக் கூட்டின்படி 3.1 ஆகிறது. உங்கள் 2.6-இல் பெரும்பங்கு உச்சக் குறைப்பினுடையதாகவே இருக்கும். அதைக் குறைக்கப் பெருக்கியைத் திருத்திப் பயனில்லை.

நெடுவலை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாள் பலகையோடு இருந்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் கேட் பயஸ். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: 220 ஓம் மின்தடையும் 1 மைக்ரோஃபாரட் தேக்கியும் இருந்தன. நேர மாறிலி 220 மைக்ரோவினாடி. பயஸ் நிலைபெறுவதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட குறியீடுகள் கடந்துகொண்டிருந்தன. ட்ரெயினுக்கு வரைந்த வலையமைப்பைப் பிரதியெடுத்துக் கேட்டிலும் ஒட்டியதன் விளைவு இது. தேக்கியை 1 நானோஃபாரடாகக் குறைத்து, மின்னோட்டம் தரவல்ல செயல்பாட்டுப் பெருக்கி ஒன்றைக் கொண்டு கேட்டை இயக்கியபின், தொடக்கக் குறியீடுகளின் இவிஎம் 7-இலிருந்து 3.7-க்கு இறங்கிவிட்டது. மீதமுள்ள ஒரு விழுக்காட்டுச் சரிவு ஏறத்தாழ ஒரு மில்லிவினாடிக்கு நீடிக்கிறது. இது ட்ராப்பிங்காக இருக்கலாம்.

அடுத்து, ஆஃப்செட் கம்பி. சந்திப்பை வெட்டி அளந்தபோது, துணைப் பக்கம் திறந்த சுற்றிலிருந்து 24 பாகை விலகியிருந்தது. பாவனையில் பயன்படுத்திய டிரான்சிஸ்டர் மாதிரி, பொதியின் தாவல் வரை மட்டுமே செல்லுபடியாகும் என்பதையும், நான் பலகையில் தாவலுக்கு விட்ட அகலமான ஈயப்பற்றுத் திட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் பிறகுதான் உணர்ந்தேன். பிரதிபலிப்பில் 24 பாகை என்றால் கம்பியில் அதில் பாதி. செம்புத் தகட்டை ஒட்டி 1.7 மில்லிமீட்டர் நீட்டியதும் நடுப்பட்டையில் 35 விழுக்காடு 41 ஆனது. 3300 ஓரத்தில் 36. துணைப் பெருக்கியின் கேட்டை இன்னும் 0.3 வோல்ட் ஆழமாக்கினால் 43 வரை போகிறது, ஆனால் பெருக்கத்தில் மடிப்பு விழுந்து டிபிடி திணறுவதால் திரும்பிவந்துவிட்டேன்.

வலப்புற ஏசிஎல்ஆரில், இரு அலைச் சோதனையில் திரிபுகள் 140 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் பிரியத் தொடங்கின. பலகையை மறுமுறை அச்சிடும்போதுதான் ஊட்டுக் கம்பியை இரட்டையாக்க முடியும். தற்காலிகமாக ட்ரெயின் ஊட்டின் முனைக்கு அருகே ஒரு தேக்கியைச் சேர்த்ததில் 42 என்பது 44 ஆகியிருக்கிறது. மறுபக்கம் அவர்கள் சொன்ன 42 டெசிபெல் கணக்கைத் தரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். இந்தத் தெளிவு முன்பே இருந்திருந்தால் ஒரு வாரம் மிஞ்சியிருக்கும்.

மறு அச்சில் ஒன்றுக்கு ஒன்றரை என்ற சமமற்ற அமைப்புக்குப் போகலாம் என்று எண்ணுகிறேன். மீதமுள்ள ட்ராப்பிங் சரிவை எப்படிக் கையாள்வது என்பதுதான் இப்போதைய கேள்வி.

சிலிக்கன்மேடு எழுதியது:

நல்ல முன்னேற்றம். மீதச் சரிவுக்கு முதலில் செலவில்லாத ஒன்றைச் செய்து பாருங்கள்: அனுப்பாத நேரத்தில் கேட்டை எவ்வளவு ஆழத்துக்கு இறக்குகிறீர்கள்? டிரான்சிஸ்டர் அணைவதற்குத் தேவையானதைவிட மிக ஆழமான எதிர்மின்னழுத்தம், கேட்டுக்கும் ட்ரெயினுக்கும் இடையிலான மின்புலத்தைக் கூட்டிச் சிக்கல் நிலைகளை மேலும் நிரப்பும். −8 வோல்ட் கொடுத்திருந்தால் −5-க்கு ஏற்றிப் பாருங்கள். அணைந்த நிலை உமிழ்வு வரம்பான ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு −85 டிபிஎம் அப்போதும் நிறைவேறுகிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அது போதாதெனில், டிபிடி குணகங்களை இரண்டு தொகுதிகளாக வைத்துக்கொண்டு, அனுப்பும் பகுதியின் முதல் மில்லிவினாடிக்கு ஒன்றையும் பிறகு மற்றொன்றையும் பயன்படுத்தலாம். பயிற்சிக்கான மாதிரிகளையும் அதே கணக்கில் பிரித்து எடுக்க வேண்டும். இப்போது நீங்கள் சட்டகம் முழுவதிலிருந்தும் கலந்து எடுப்பதால், குணகங்கள் தொடக்கத்துக்கும் பொருந்தாமல் முடிவுக்கும் முழுதாகப் பொருந்தாமல் நடுவில் நிற்கின்றன என்பது என் ஊகம். பெருக்கத்தின் மெதுவான நகர்வை மட்டும் தனி எண்ணாகப் பின்தொடர்ந்து பெருக்கினாலே பாதி சரியாகிவிடுவதையும் கண்டிருக்கிறேன்.

காலலைநீளம் எழுதியது:

சமமற்ற அமைப்பை வரையும் முன் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 38.5 டிபிஎம் சராசரிக்கு மேல் 8 டெசிபெல், அதாவது 46.5 டிபிஎம் உச்சம் என்பது 45 வாட். அதை ஒன்றுக்கு ஒன்றரை என்று பிரித்தால் முதன்மைக்கு 18 வாட், துணைக்கு 27 வாட். சந்தையில் கிடைக்கும் அளவுகள் இதற்குச் சரியாகப் பொருந்தாது. எனவே ஒரே டிரான்சிஸ்டரை இருபுறமும் வைத்து, முதன்மைப் பக்கத்தின் ட்ரெயின் மின்னழுத்தத்தைக் குறைத்து சமமின்மையை உண்டாக்கலாமா என்ற ஆசை வரும். சிறு நிலையத்தில் இரண்டாவது மின்வழங்கியின் இழப்பு, அதனால் வரும் ஆதாயத்தை விழுங்கிவிடும் என்பதால் நான் அதைத் தவிர்ப்பேன். துணைப் பெருக்கி சி வகுப்பில் இருப்பதால் அதே உள்ளீட்டுக்குக் குறைவான மின்னோட்டமே தரும். உள்ளீட்டுப் பிரிப்பானிலும் அதற்குக் கூடுதல் பங்கு ஒதுக்குங்கள்.

மற்றொன்று சர்க்குலேட்டர். அதன் 0.4 டெசிபெல் இழப்பைப் பார்த்து, எடுத்துவிடலாமா என்று யாராவது கேட்பார்கள், 0.4 டெசிபெல் என்பது வெளியீட்டுத் திறனில் 9 விழுக்காடு என்பதால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் டோஹெர்ட்டியின் உயிரே அது பார்க்கும் இம்பீடன்ஸில் இருக்கிறது. மழைநீர் புகுந்த இணைப்பியோ கம்பத்தில் சாய்ந்த ஆண்டெனாவோ அந்த இம்பீடன்ஸை மாற்றினால், உங்கள் 41 விழுக்காடும் 44 டெசிபெல்லும் சேர்ந்தே போகும், டிபிடி-யாலும் மீட்க முடியாது. அந்த இழப்பை வடிகட்டியில் மிச்சப்படுத்தப் பாருங்கள். வடிகட்டியில் 0.5 டெசிபெல் குறைந்தால் இறுதி நிலை மட்டும் இரு வழிகளிலும் சேர்த்து, உங்கள் 71.3 வாட் கணக்கில் ஏறத்தாழ மூன்று வாட்டைத் திருப்பித் தரும்.

மறு அச்சில் துணைப் பக்க ஆஃப்செட் கம்பியைத் தேவையைவிட ஒரு மில்லிமீட்டர் நீளமாகவே வரைந்து, அருகில் வெட்டிக் குறைப்பதற்கான இடமும் விட்டுவையுங்கள். செம்பை ஒட்டுவதைவிடச் சுரண்டுவது எளிது.